எங்கள் உதடுகள் எங்களுடையதா?

யாழ்ப்பாணத்துத் திருச்சபைகளின் ஆயர்களுக்கும் குருமாருக்கும் போதகர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆயர்களே, அருட்தந்தையரே, போதகர் ஐயாமாரே,

சில வாரங்களாக வலிகாமத்துச் சபைகள் சிலவற்றில் ஒரு மனு கைமாறிக்கொண்டிருக்கிறது. பொலிஸ்மா அதிபருக்கு எழுதப்பட்டது. ஒரு பெடியன் டிக்டொக்கில் போட்ட வீடியோ கிறிஸ்தவர்களின் மத உணர்வைப் புண்படுத்திவிட்டது, அவனை, வெறுப்புப் பேச்சைத் தண்டிக்கிற ஐசிசிபிஆர் சட்டத்தின் கீழ்க் கைது செய்யவேண்டும் என்பது அதன் சாரம். எங்கள் ஆலயத்திலும் வாசல் மேசையில், பாட்டுப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து என்று நான்கு நிரல். எனக்குத் தெரிந்த பலர் போட்டிருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் அந்த வீடியோவைப் பார்த்தார்கள் என்று கேட்டுப்பார்த்தேன். "பார்க்கத் தேவையில்லை, கேள்விப்பட்டதே போதும்" என்றார்கள்.

நான் பார்த்தேன். துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, ஷாம்பூப் போத்தலை மைக்காகப் பிடித்து, சுகமளிக்கும் கூட்டத்துப் பாஸ்டரைப்போல அந்தப் பெடியன் கத்துகிறான். முழங்கால் நோவோடு வரும் ஆச்சி வேடத்தில் அவனுடைய சிநேகிதன். நோவு போவதற்கு முன்னால் காணிக்கைக் கவர் போகவேண்டும் என்று ஒரு பகிடி. அந்த இடத்தில் எனக்கும் சிரிப்பு வந்தது, மறைப்பானேன். ஆனால் முடிவில் இராப்போசனக் கிண்ணத்தைப்பற்றி ஒரு வார்த்தை சொல்கிறான். அது அசிங்கமான வார்த்தை. இங்கே எழுதமாட்டேன். கேட்டபோது நெஞ்சு நொந்தது.

ஆனாலும் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு ஆலய வாசலில் நின்றபடி சொல்லிமுடிக்க முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

இதே நாட்களில் எங்கள் வாலிபர்களின் வட்ஸ்அப் குழுவில் நேர் எதிரான ஒரு வாதமும் ஓடியது. சின்னச் சபை ஒன்றின் ஊழியர் கோயில் திருவிழாவுக்குப் போகிற சனத்திடம் துண்டுப்பிரசுரம் கொடுத்திருக்கிறார். தேரில் வருவது பேய் என்று அதில் அச்சடித்திருந்ததாம். ஊர்ச் சைவர்கள் கொதித்துப்போனார்கள். உடனே எங்கள் பிள்ளைகள் அவருக்காக எழும்பினார்கள். பேச்சுச் சுதந்திரம் கடவுள் தந்த இயற்கை உரிமை, அதற்கு எல்லை போட எந்த மனுசனுக்கும் அதிகாரம் இல்லை என்று வரிக்கு வரி. இந்த வசனங்கள் எந்த ஊர் யூரியூப் பிரசங்கத்திலிருந்து வருகின்றன என்று எனக்கு ஓரளவு விளங்கும். அதை விடுங்கள்.

எங்கள் வாய்க்கு எல்லையில்லாத உரிமை, அந்தப் பெடியனுடைய வாய்க்கு விலங்கு. ஒரே சபைக்குள் ஒரே மாதத்தில் இந்த இரண்டையும் கேட்கிறோம். இரண்டும் பிழை என்று நினைக்கிறேன். இரண்டிலும் மனுவே பெரிய ஆபத்து.

முதலில் பிள்ளைகளின் வாதம். எல்லையில்லாத உரிமை என்று பேசுகிற ஆட்களை வேதாகமத்தில் தேடினால், பன்னிரண்டாம் சங்கீதத்தில் அப்படியே நிற்கிறார்கள். "எங்கள் நாவுகளால் மேற்கொள்ளுவோம், எங்கள் உதடுகள் எங்களுடையது, யார் எங்களுக்கு ஆண்டவன்" என்பது அவர்களுடைய பேச்சு. தாவீது இவர்களை மெச்சுவதற்காகக் கொண்டுவந்து நிறுத்தவில்லை. அடுத்த வசனத்தில் கர்த்தர் எழுந்திருக்கிறார். "ஏழைகள் பாழாக்கப்பட்டதினிமித்தமும், எளியவர்கள் விடும் பெருமூச்சினிமித்தமும்" என்று காரணமும் சொல்கிறார். யார் பேசியதில் யார் பெருமூச்சு விட்டார்கள் என்பது அங்கே தெளிவு. பலத்தவன் பேசுகிறான், எளியவன் நோகிறான். கடவுள் எல்லை வைப்பது அந்த எளியவனுக்காக. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்குத் திரும்பவேண்டியிருக்கும்.

பேச்சு கடவுளின் கொடை என்று பிள்ளைகள் சொல்வது மெத்தச் சரி. ஆதாமுக்குக் கொடுத்த முதல் வேலைகளில் ஒன்று மிருகங்களுக்குப் பெயர் வைப்பது. ஆனால் கொடை என்று சொன்னால் கொடுத்தவருக்குக் கணக்கும் உண்டு. வீணான வார்த்தை ஒவ்வொன்றுக்கும் நியாயத்தீர்ப்பு நாளிலே கணக்கொப்புவிக்க வேண்டும் என்று மத்தேயு பன்னிரண்டாம் அதிகாரத்தில் இயேசுவே சொல்கிறார். பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது எங்களுக்கு ஒன்பதாம் கட்டளை, கத்தோலிக்கருக்கு எட்டாவது. எண்ணில்தான் எங்களுக்குள் வேற்றுமை. தேவ சாயலில் உண்டான மனுசரை, தேவனைத் துதிக்கிற அதே நாவினால் சபிக்கிறோமே என்று யாக்கோபு அழாக்குறையாக எழுதுகிறார். இதையெல்லாம் வாசித்தபிறகும், கிறிஸ்தவனுக்கு எதையும் பேச எல்லையில்லாத உரிமை உண்டு என்று எப்படிச் சொல்வது? பேயின் தேர் என்று துண்டுப்பிரசுரம் அடித்தவர் சட்டத்துக்குத் தப்பலாம். யாக்கோபுக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

நான் தென்னிந்தியத் திருச்சபைக்காரன். பாப்பரசர்களின் சுற்றுமடல்களை வாசிப்பது எங்கள் வீட்டு வழக்கமல்ல. ஆனாலும் இந்தக் கேள்வியில் கத்தோலிக்கர் நடந்த பாதை கவனிக்கவேண்டியது. 1832இல் பதினாறாம் கிரகோரியார், எதையும் அச்சிட்டுப் பரப்பும் சுதந்திரத்தைக் கடுமையாகக் கண்டித்தார். 1888இல் பதின்மூன்றாம் சிங்கராயர் நிதானமாக வாதம் வைத்தார்: உரிமை என்பது ஒழுக்கத்தோடு சேர்ந்த ஒரு வல்லமை, அதை இயற்கை உண்மைக்கும் பொய்க்கும் ஒரேமாதிரிப் பங்கிட்டிருக்கிறது என்பது பொருந்தாத கதை என்று. இந்த வாதத்தை இன்றுவரை யாரும் உடைத்ததாக எனக்குத் தெரியவில்லை. பொய் சொல்ல எனக்குக் கடவுள் உரிமை தரவில்லை, அவ்வளவுதான். சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. பொய்க்கு உரிமை இல்லை என்றால் அரசன் பொய்யை அடக்கவேண்டும் என்று அந்தக் காலத்தில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது. 1963 ஏப்ரலில் இருபத்துமூன்றாம் அருளப்பர், பேசவும் வெளியிடவும் உள்ள சுதந்திரம் மனிதனின் இயற்கை உரிமைதான் என்று ஏற்றுக்கொண்டார். ஒழுக்க நெறியும் பொது நன்மையும் அதற்கு எல்லை என்றார். 1965 டிசம்பரில் வத்திக்கான் சங்கம் மத சுதந்திரத்தைப்பற்றிச் சொன்னது இன்னும் ஆழமானது. உண்மையைத் தேடவேண்டிய கடமையைச் செய்யாதவனுக்கும்கூட, வற்புறுத்தப்படாமல் இருக்கும் உரிமை போய்விடாது. நியாயமான பொது ஒழுங்கு குலைந்தால் மட்டும் அரசு தலையிடலாம். அதாவது கடவுளுக்கு முன்னால் நான் குற்றவாளியாகவே இருக்கலாம், அதற்காகப் பொலிஸ்காரர் என்னைப் பிடரியில் பிடிக்கலாம் என்று ஆகாது. இதன் விதை பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே தோமா அக்குவினாரிடம் இருக்கிறது. மனிதச் சட்டம் எல்லாத் தீமைகளையும் தடுக்கப் புறப்படக்கூடாது, பாரதூரமானவற்றை, முக்கியமாகப் பிறருக்குக் கேடு செய்பவற்றைத் தடுத்தால் போதும் என்கிறார். எங்கள் புரட்டஸ்தாந்துப் பக்கமும் சுத்தமில்லை. 1553இல் ஜெனீவாவில் செர்வேற்றஸ் என்கிறவரை அவருடைய கொள்கைக்காக உயிரோடு எரித்தவர்கள் எங்களுடைய ஆட்கள்.

சரி, எல்லை உண்டு. அந்த எல்லையில் பொல்லோடு நிற்கப்போவது யார்? மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் இந்தக் கேள்வியை ஒருதரம் கேட்டிருக்கவேண்டும்.

ரோமர் பதின்மூன்றை எனக்குக் காட்டுவீர்கள் என்று தெரியும். அதிகாரம் பட்டயத்தை விருதாவாய்ப் பிடித்திருக்கவில்லை என்று பவுல் எழுதினார்தான். அதே வேதாகமத்தில் நாபோத்தின் கதையும் இருக்கிறது. முதலாம் இராஜாக்கள் இருபத்தொன்றாம் அதிகாரத்தை இந்த வாரம் ஒருதரம் ஆறுதலாக வாசியுங்கள். ராஜா ஆகாபுக்கு நாபோத்தின் திராட்சத்தோட்டம் வேண்டும். பிதாக்களின் சுதந்தரம், விற்கமாட்டேன் என்கிறான் நாபோத். காணியை மறித்துக்கொண்டு நிற்கிற ஒருவனை எப்படி அகற்றுவது? ராணி யேசபேல் படையை அனுப்பவில்லை. சட்டத்தை அனுப்புகிறாள். உபவாசம் கூறுகிறார்கள், ஊர் மூப்பர்கள் கூடுகிறார்கள், விதிப்படி இரண்டு சாட்சிகள் வருகிறார்கள். குற்றச்சாட்டு, தேவனையும் ராஜாவையும் தூஷித்தான் என்பது. ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கல்லெறிகிறார்கள். ஆகாப் எழுந்துபோய்க் காணியைச் சொந்தமாக்கிக்கொள்கிறான். எல்லாம் முறைப்படி, எழுத்துமூலம், முத்திரையோடு நடந்தது.

உயர் பாதுகாப்பு வலயம் என்று சொல்லிக் காணி பறிபோன வலிகாமம் வடக்குச் சனத்துக்கு இந்தக் கதையை நான் விளக்கத் தேவையில்லை. பேச்சைத் தண்டிக்கிற சட்டம் கையில் இருந்தால், அதிகாரம் அதைக் கடவுளின் மகிமைக்காக எடுப்பது அரிது. தனக்கு வேண்டியதை எடுக்க எடுக்கும், கடவுளின் பெயரைச் சாட்டும். ஆண்டவரையே தேவதூஷணம் என்று சொல்லித்தான் தீர்த்தார்கள். ஸ்தேவானையும் அப்படியே. எங்கள் விசுவாசத்தின் தொடக்கத்தில் இருக்கிற வழக்கு ஒரு தூஷண வழக்கு. அதை மறந்துவிட்டு நாங்களே முறைப்பாட்டுக்காரராய்ப் போய் நிற்பது எப்படி?

இன்னொரு இடமும் சொல்லவேண்டும். பிரதான ஆசாரியன் முன்னால் சேவகன் ஒருவன் இயேசுவை அறைந்தபோது அவர் கேட்டது: "நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால், தகாததை ஒப்புவி, நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்." யோவான் பதினெட்டு, இருபத்துமூன்று. நான் எதுவும் பேசலாம், என்னைக் கேட்க நீ யார் என்று அவர் சொல்லவில்லை. தகாத பேச்சு என்று ஒன்று இருக்கிறது என்பதை ஏற்றுக்கொள்கிறார். ஆனால் அதை ஒப்புவிக்கவேண்டும் என்கிறார், அறை அதற்குப் பதில் ஆகாது என்கிறார். பேச்சுச் சுதந்திரத்தைப்பற்றிக் கிறிஸ்தவப் போதனை என்ன என்று யாரும் கேட்டால் நான் இந்த ஒரு வசனத்தைத்தான் எடுத்துக் கொடுப்பேன்.

இனி நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்துக்கும் தருகிற சுதந்திரத்துக்கு எந்த மட்டுப்பாடும் இல்லை. 14ஆம் உறுப்புரை தருகிற பேச்சுச் சுதந்திரத்துக்கு 15ஆம் உறுப்புரை எல்லை வைக்கிறது. இன, மத இணக்கம், அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் என்று. தாளில் பார்த்தால் இது கிறிஸ்தவப் போதனையிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. உள்ளம் கடவுளுக்கு மட்டும், நாவு அயலானுக்கும் பதில் சொல்லவேண்டும்.

தாளுக்கு வெளியேதான் பிரச்சினை. மனுவில் சொல்லப்பட்ட ஐசிசிபிஆர் சட்டம், அதாவது 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், வன்முறைக்கும் பாகுபாட்டுக்கும் தூண்டுகிற வெறுப்புப் பேச்சைத் தடுக்க வந்தது. பத்து வருடம் வரை கடூழியச் சிறை. நீதவானால் பிணை கொடுக்க முடியாது, மேல் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். ஒரு பகிடி வீடியோவுக்காக இருபது வயதுப் பெடியனை இதற்குள் தள்ளக் கேட்கிறோம் என்று கையெழுத்துப் போட்ட ஆச்சிமாருக்கு யாராவது சொன்னார்களா? இந்தச் சட்டத்தால் 2019 ஏப்ரலில் சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர் பிடிபட்டார். பிக்குமார் வருகிற ஒரு சிறுகதையை எழுதியதுதான் அவர் செய்தது. நான்கு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார். 2014 ஜூனில் அளுத்கமவில் ஒரு கூட்டத்தில் பேசினார்கள், பேசி முடிய முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன, உயிர்கள் போயின. அந்த மேடைப் பேச்சுக்காக இந்தச் சட்டத்தில் யாரும் சிறை போனதாகக் கேள்விப்படவில்லை. கதை எழுதினவனுக்கு ஒரு கை, கூட்டத்தை ஏவினவனுக்கு இன்னொரு கை.

மன்னாரைச் சேர்ந்த அஹ்னாப் ஜஸீம் தமிழில் கவிதை எழுதினார். 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைது. 2021 டிசம்பரில் பிணை. 2023 டிசம்பரில் குற்றமற்றவர் என்று விடுதலை. தீவிரவாதத்தைக் கண்டித்து எழுதிய கவிதைகளைத் தீவிரவாதம் என்று எடுத்துக்கொண்டார்கள். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரை முதல் நாளே கூப்பிட்டு வாசிப்பித்திருந்தால் அந்தப் பிள்ளையின் வயதில் மூன்றரை வருடம் வீணாகியிராது. 2024 மே மாதம் சம்பூரில் இறுதிப் போரில் செத்தவர்களை நினைத்து முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த பெண்களை, நீதிமன்றத் தடையுத்தரவைக் காட்டிக் கைது செய்தார்கள். அரிசிக் கஞ்சிகூட இந்த நாட்டில் பேச்சுத்தான். எங்கள் சமயத்தாரையும் விடவில்லை. 2023இல் பிற மதங்களைப்பற்றிச் சொன்ன வார்த்தைகளுக்காகப் போதகர் ஜெரோம் பெர்னாண்டோ கைதாகி விளக்கமறியலில் இருந்தார். அவர் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை. அவரை அடைத்ததும் பிடிக்கவில்லை. அப்போது ஐயோ என்று ஜெபக்கூட்டம் வைத்தவர்களில் சிலர் இன்று அதே சட்டத்தைக் கேட்டு மனு எழுதுகிறார்கள்.

அதற்கு மேல் 2024 பெப்ரவரி முதலாம் திகதி, இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்துகிற நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. எது உண்மை, எது பொய் என்று தீர்மானிக்க ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு. இரண்டாயிரம் வருடமாக உண்மை எது என்று சபைகள் அடிபடுகிற எங்களுக்கு, அதை ஐந்து பேர் முடிவு செய்வார்கள் என்பது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கவேண்டும்.

அப்படியென்றால் அரசுக்கு ஒரு வேலையும் இல்லையா? இருக்கிறது. 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் ஆலயத்தில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் செத்தார்கள். அந்தக் குண்டுகளுக்கு முன்னால் வருடக்கணக்காகப் பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைப்பற்றிக் காத்தான்குடி முஸ்லிம்களே முறையிட்டிருந்தார்கள், கேட்டவர்கள் அசையவில்லை. அங்கே அரசு கைவைத்திருக்கவேண்டும். ஊர்க் கூட்டத்தைக் கூட்டி, அந்த வீட்டை உடை என்பவன்மேல் கைவைக்கவேண்டும். எங்கள் பிள்ளைகளின் படங்களை எடுத்து வெட்டி ஒட்டி, காசு தராவிட்டால் போடுவேன் என்று மிரட்டுகிறவன்மேல் வைக்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் இது நடக்காத ஒழுங்கை இல்லை. வெட்கத்தில் வாய் திறக்காத தாய்மார் எத்தனை பேர் என்று குருமாரே, உங்களுக்குத்தான் தெரியும். பன்னிரண்டாம் சங்கீதத்தின் பெருமூச்சு இதுதான். அடி விழப்போகிற எளியவன் ஒருவனைக் காட்டமுடிந்தால் சட்டம் வரட்டும். டிக்டொக் பெடியன் யாரைப் பாழாக்கினான்? எங்களுக்கு நொந்தது, அவ்வளவுதான். நோவுக்குக் கிறிஸ்தவனிடம் வேறு மருந்து இருக்கிறது.

யாழ்ப்பாணத்துச் சபைகளுக்கு இதில் நீண்ட ஞாபகம் இருக்கவேண்டும். ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கப் பூசை தடை. யோசே வாஸ் அடிகளார் 1687இல் பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து ஒளித்தொளித்துத்தான் ஊழியம் செய்தார். தடை செய்தவர்களும் கிறிஸ்தவர்கள்தான். சைவக் கோயில்களுக்கும் அதே தடை. 1820இல் அமெரிக்க மிஷன் அச்சகம் நடத்த ஜேம்ஸ் காரெட் என்பவரை அனுப்பியது. ஆங்கில அரசாங்கம் தங்க அனுமதி மறுத்து அவரைத் திருப்பி அனுப்பியது. அதனால் மானிப்பாயில் மிஷன் அச்சகம் தொடங்க 1834 வரை பொறுக்கவேண்டியிருந்தது. 1841 ஜனவரியில் உதயதாரகைப் பத்திரிகை வெளிவந்தது. என் பாட்டன் பூட்டன் நடந்த மண்ணில் நடந்த கதை என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு.

பெருமையோடு நிறுத்தினால் பாதிக் கதைதான். அந்த அச்சுக்கூடங்களில் வேதாகமம் மட்டும் அச்சாகவில்லை. சைவத்தை இழித்துரைக்கிற சிறுபிரசுரங்களும் கட்டுக்கட்டாக வந்தன. இன்றைய பேயின் தேர் பிரசுரம் அவற்றின் பேரப்பிள்ளை. இதற்குச் சைவர்கள் என்ன செய்தார்கள்? பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகமத் தமிழாக்கத்தில் உழைத்த ஆறுமுக நாவலர், 1847 டிசம்பர் 31இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கம் தொடங்கினார். பாதிரிமாரின் பிரசங்க முறையையே எடுத்துக்கொண்டார். 1849இல் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் கொண்டுவந்தார். 1854இல் சைவதூஷண பரிகாரம் என்ற நூலை எழுதினார். வேதாகமத்தை வரிவரியாகப் படித்தவர் என்பதால் அடி விழுந்த இடமெல்லாம் பலமாக விழுந்தது. எங்களுடைய ஆட்கள் பதில் எழுதினார்கள். அவர் பதிலுக்குப் பதில் எழுதினார். அந்தக் காலத்துக் கண்டனப் பிரசுரங்களை இன்று புரட்டினால் இரண்டு பக்கத்திலும் காது கூசும் வார்த்தைகள் கிடக்கும்.

ஆனால் அந்தச் சண்டையில் யாரும் யாரையும் விலங்கிடவில்லை. வாதிட்டு வாதிட்டே யாழ்ப்பாணத்துத் தமிழ் உரைநடை வளர்ந்தது, பள்ளிக்கூடம் வளர்ந்தது. ஆட்சி வெள்ளைக்காரனுடையது, மிஷனுக்கு அங்கே செல்வாக்கும் இருந்தது. நாவலரை அடக்கு என்று மனு எழுதி ஆளுநரிடம் ஓடியிருந்தால் நாங்கள் வென்றிருப்போமோ என்னவோ. அப்படி வென்ற சபையில் இருக்க எனக்கு விருப்பமில்லை.

பிறகு வந்த காலத்தில் பதிலுக்குப் பதில் எழுதுவது நின்றது. 1981இல் நூலகத்தை எரித்த அந்த நாட்களில் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. பல்கலைக்கழகத்து மருத்துவபீட விரிவுரையாளர், கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை ராஜினி திராணகம, எல்லாப் பக்கத்துத் துப்பாக்கிகளையும் கேள்வி கேட்டு எழுதினார். 1989 செப்டெம்பர் 21இல் சைக்கிளில் வீடு திரும்பும்போது சுடப்பட்டார். சுட்டது யாரென்று ஊர் தாழ்ந்த குரலில்தான் கதைத்தது. 2006 ஓகஸ்டில் அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார், ஷெல்லடிக்குத் தப்பி ஆலயத்துக்குள் வந்த சனத்தோடு நின்றவர், காணாமற்போனார். இன்றுவரை தகவல் இல்லை. அதே வருடம் மே மாதம் உதயன் பத்திரிகைக்குள் புகுந்து இரண்டு பேரைக் கொன்றார்கள். 2013 ஏப்ரலில் அதன் அச்சியந்திரத்தைக் கொளுத்தினார்கள். அரசின் துப்பாக்கியும் எங்களவரின் துப்பாக்கியும் ஒன்றுக்கொன்று எதிரி என்றாலும், எதிர்த்துப் பேசுகிறவனைப்பற்றி இரண்டுக்கும் ஒரே எண்ணம்தான். அந்தக் காலத்தில் ஆலயங்களில் எவ்வளவு மௌனம் இருந்தது என்பதை வயதானவர்கள் அறிவோம். "ஊமையனுக்காகவும் திக்கற்றவர்கள் எல்லாருடைய நியாயத்துக்காகவும் உன் வாயைத் திற" என்று நீதிமொழிகள் முப்பத்தொன்றில் இருக்கிறது. பேச்சு எங்களுக்கு உரிமையாக வருவதற்கு முன்னால் இந்தக் கட்டளையாக வந்தது. திறக்கவேண்டிய நேரத்தில் வாயைத் திறப்பதற்காகத்தான் அந்த உரிமையே. அதனால்தான் அதை அரசு பறிக்கக்கூடாது என்கிறேன். இன்று பகிடிக்காரனை அடக்கக் கொடுக்கிற சட்டம், நாளை காணாமற்போனோரின் தாய்மாருக்காகப் பேசுகிற குருவின் கதவைத் தட்டும்.

உங்களிடம் கேட்பதைக் கேட்டுவிடுகிறேன். மனுவைச் சபைகளின் மேசைகளிலிருந்து எடுப்பியுங்கள். அனுப்பிவிட்டீர்கள் என்றால், வாபஸ் பெறுகிறோம் என்று ஒரு வரி எழுதுங்கள். அந்தப் பெடியனுடைய ஊர் உங்களில் ஒருவருடைய பங்குக்குள்தான் இருக்கிறது. அவனோடு யாராவது போய்க் கதையுங்கள். இராப்போசனம் எங்களுக்கு என்ன என்று சொல்லுங்கள், காணிக்கைக் கவரைப்பற்றி அவன் என்ன சொல்ல வந்தான் என்றும் கேளுங்கள். அந்தப் பகுதிக்கு எங்களிடம் நல்ல பதில் இருக்கிறதா என்பது எனக்குச் சந்தேகம்.

துண்டுப்பிரசுரம் கொடுத்த ஊழியரைச் சைவர்கள் பொலிஸுக்குக் கொண்டுபோனால், அவருடைய விடுதலைக்காக நான் முதல் ஆளாக வருவேன். அவர் வெளியே வந்த அன்றே, அயலானின் தெய்வத்தைப் பேய் என்று எழுதியதற்கு அவர் ஊராரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று சபை சொல்லவேண்டும். சபைக்கு ஒழுங்கு நடவடிக்கை என்று ஒன்று இருக்கிறது. மத்தேயு பதினெட்டில் முறையும் இருக்கிறது: முதலில் தனியே, பிறகு இரண்டொருவரோடு, பிறகு சபைக்கு முன்னால். அதைத் தூசி தட்டி எடுங்கள். பிள்ளைகள் அவமதிப்பைத் துணிவு என்று நினைப்பது நாங்கள் பிரசங்க பீடத்திலிருந்து அதைத் திருத்தாததால்தான்.

நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைப்பற்றியும் ஐசிசிபிஆர் சட்டத்தின் மூன்றாம் பிரிவைப்பற்றியும் ஆயர்கள் சேர்ந்து ஓர் அறிக்கை விடவேண்டும். வன்முறையைத் தூண்டுகிற பேச்சைத் தவிர மற்றதற்கு யாரையும் கைது செய்யாதே, பிணையை நீதவானிடமே விடு என்று கேளுங்கள். அதை ஒரு சிங்கள ஆயரிடமும், நல்லூர்ப் பக்கத்துச் சைவ அமைப்பு ஒன்றிடமும், ஒரு பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் காட்டிக் கையெழுத்துக் கேளுங்கள். அந்தத் தாளில் அடையாள அட்டை இலக்கத்தோடு நானும் போடுவேன்.

பதில் எழுத விரும்புகிறவர்கள் எழுதலாம். நான் சொன்னதில் தகாதது இருந்தால், ஒப்புவியுங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
ஓய்வுபெற்ற கிறிஸ்தவ பாட ஆசிரியன் ஒருவன்
மானிப்பாய்